ஈயம் உருக்கும் பானையில் மரக்குச்சி: வெறும் கிளறலா, சுத்திகரிப்பா?

#1 காட்டுப்பாதை (பென்சில்வேனியா)

எல்லோருக்கும் வணக்கம். ஈயக்குண்டு வார்க்கத் தொடங்கி நாலு மாசம் ஆகிறது. 45-70 என்ற தோட்டா வகை போடும் ஒற்றைச் சுட்டுத் துப்பாக்கிக்கு 405 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டு. இருபது பங்கு காரீயத்துக்கு (லெட்) ஒரு பங்கு வெள்ளீயம் (டின்). பானை 20 பவுண்டு பிடிக்கும் மின்பானை, அடியில் இருக்கும் மூக்கு வழியாக அச்சில் ஊற்றுவது.

குண்டின் அடிப்பாகத்தில் கருப்புப் புள்ளி வருகிறது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்து அங்கே சின்னக் குழி தெரிகிறது. ஐம்பது வார்த்தால் பன்னிரண்டு, பதிமூன்று இப்படி. எடை போட்டால் 405 காட்ட வேண்டியது 401 வரை இறங்குகிறது. 200 கஜத்தில் தாளில் அது அப்படியே தெரிகிறது.

700 டிகிரி பாரன்ஹீட்டில் வைத்து, ஒரு மெழுகுவர்த்தித் துண்டைப் போட்டு, ஸ்டீல் கரண்டியால் நன்றாகக் கிளறி, மேலே மிதப்பதை வழித்து எறிகிறேன். இதை ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்கிறேன். ஆனாலும் புள்ளி.

இங்கே சுடுதளத்தில் ஒரு பெரியவர் என் குண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கரண்டியை வைத்துவிட்டு பெயிண்ட் கலக்கும் குச்சியை எடு" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் அவர் முறை வந்துவிட்டது. மரம் அந்தச் சூட்டில் கரியாகுமே, அந்தக் கரியும் குப்பையாகத்தானே சேரும்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

#2 பொறுப்பாளர்

இழை தொடங்கும்போதே ஒரு குறிப்பு. இங்கே பேசுவது அமெரிக்காவில் சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டாவோ அதன் பாகமோ தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஊரிலிருந்து படிக்கும் நண்பர்கள் இதை உலோக உருக்கு பற்றிய பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

#3 மூசைக்காரன் (மிசௌரி)

தம்பி, அந்தப் பெரியவர் சொன்னது சரி. ஆனால் காரணம் பலரும் நினைப்பது இல்லை.

முதலில் இதை யோசித்துப் பாருங்கள். காரீயத்தின் அடர்த்தி 11.3. மணல் 2.65. இரும்பு 7.9, செம்பு 9க்குக் கொஞ்சம் கீழே. ஈயத்தின் சொந்தத் துருவே ஒன்பதரைதான். அதாவது உங்கள் பானையில் விழக்கூடிய எந்தக் குப்பையும் ஈயத்தில் மிதந்தாக வேண்டும். பானையில் இரும்பு ஆணியைப் போட்டாலே மிதக்கும். அப்படியிருக்க, அடியிலிருந்து ஊற்றும் மூக்கில் குப்பை எப்படி வந்தது?

சுவரில் ஒட்டிக்கொண்டு வந்தது. பொருள் மிதக்க வேண்டுமானால் அதற்குக் கீழே திரவம் போக வேண்டும். பானையின் அடித்தட்டிலும் சுவரிலும் ஒட்டிக்கிடக்கும் தூசிக்குக் கீழே உருகிய ஈயம் போவதே இல்லை. மேலே நிற்கும் ஈயத்தின் எடை முழுவதும் அதை இன்னும் தட்டோடு அழுத்துகிறது. இருபது பவுண்டு ஏறி உட்கார்ந்தால் அது எங்கே எழுந்து வரும்? நீங்கள் கைப்பிடியைத் தூக்கி ஊற்றும்போது மூக்கைச் சுற்றிக் கிடப்பது ஓட்டத்தோடு இழுபட்டு அச்சுக்குள் போகிறது. உங்கள் கருப்புப் புள்ளி அதுதான்.

ஸ்டீல் கரண்டி வளைந்த முதுகோடு நடுவில் சுழலும். மூலையைத் தொடாது. தட்டையான மரக்குச்சியின் நுனி பானையின் அடியிலும் சுவரிலும் படியும். படியாத இடத்தில் கரிந்து தேய்ந்து, இரண்டு மூன்று முறை உரசியதும் பானையின் வளைவுக்கு ஏற்ற வடிவத்துக்கு அதுவே வந்துவிடும். அதனால் மரக்குச்சியின் முதல் வேலை சுரண்டுவது. வேதியியல் எல்லாம் அதற்குப் பிறகு.

கரி சேராதா என்று கேட்டீர்கள். சேரும். ஆனால் கரி காரீயத்தைவிடப் பல மடங்கு லேசு, சுவரிலும் ஒட்டாது. நேரே மேலே வந்து மிதக்கும். அங்கே அது இருப்பது நல்லது, ஏன் என்று வேறு யாராவது என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

#4 கரிமருந்து (இந்தியானா)

மூசைக்காரன் அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

நான் வாய்வழித் துப்பாக்கிக்காரன், அதாவது குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இடுகிற பழைய வகை. துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்குச் சுத்தமான காரீயம்தான் வேண்டும், வெள்ளீயமே சேர்ப்பதில்லை. அச்சில் ஊற்றுவதும் கரண்டியால். எனக்குத் தேன்மெழுகு போதும். பட்டாணி அளவு போட்டு, எழும் புகையைத் தீக்குச்சியால் பற்றவைத்துவிடுவேன். எரிந்தால் புகை நாற்றம் பாதிக்கு மேல் அடங்கும். காட்டுப்பாதை, நீங்கள் பற்றவைக்கிறீர்களா? இல்லையென்றால் பானை முன்னால் புகையை முழுங்கிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஈயம் உருக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது நியூயார்க் பௌலிங் கிரீனில் நின்ற மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சிலை. காரீயத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசிய குதிரைச் சிலை. 1776 ஜூலை 9 அன்று சுதந்திரப் பிரகடனத்தைப் படைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். அன்றிரவே கூட்டம் போய்ச் சிலையை இழுத்துத் தள்ளியது. துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்து லிட்ச்ஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆலிவர் உல்காட் வீட்டுப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் உட்கார்ந்து குண்டாக வார்த்தார்கள். யார் யார் எத்தனை என்று கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள்: மொத்தம் 42,088. நாம் 500 வார்த்துவிட்டு முதுகு வலிக்கிறது என்கிறோம்.

#5 செவிலி_ஆஸ்டின் (டெக்சாஸ்)

கரிமருந்து அண்ணா, நல்ல வரலாறு. ஆனால் "பிள்ளைகளும் உட்கார்ந்து வார்த்தார்கள்" என்பதைப் படித்ததும் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. நான் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரரும் குண்டு வார்ப்பவர்தான். ஆகவே இது எதிர்ப்புக் குரல் இல்லை.

"ஈய ஆவி" என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். காரீயம் கொதிப்பது 1,749 டிகிரி செல்சியஸில். உங்கள் பானை 370இல் இருக்கிறது. அந்தச் சூட்டில் எழும் ஆவி மிகமிகக் குறைவு. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: வழித்து எறிகிறீர்களே, அந்தச் சாம்பல் நிறப் பொடியில். அது ஈயத்துரு. விரலில் ஒட்டும், சட்டையில் படியும், காலணியோடு வீட்டுக்குள் வரும், தரையில் தவழும் குழந்தையின் கைக்குப் போகும், அங்கிருந்து வாய்க்கு.

இங்கே நோய்க்கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் இரத்தத்தில் கவனிக்க வேண்டிய ஈய அளவை 2021இல் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்பதுதான் மருத்துவ நிலைப்பாடு.

எங்கள் வீட்டில் நடைமுறை இதுதான். வார்ப்பு வெளியே, கூரை மட்டும் உள்ள இடத்தில். அந்த நேரத்தில் சாப்பாடு, தண்ணீர், காபி எதுவும் கிட்டே வராது. பொடியைத் துடைப்பத்தால் பெருக்குவதில்லை, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து மூடிபோட்ட தகர டப்பாவில் போடுவார். டப்பா நிறைந்ததும் ஊராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு நாளில் கொடுத்துவிடுவோம். சட்டை தனியாகத் துவைக்கப்படும். முதலில் கை, பிறகு முகம், அதற்குப் பிறகுதான் மகளைத் தூக்குவார். வருஷத்துக்கு ஒருமுறை அவருக்கு இரத்தப் பரிசோதனை.

சமையலறையிலிருந்து ஒரு கரண்டி அங்கே போனால் அது திரும்பி வரக்கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

#6 வேதிவாத்தியார் (நியூ ஜெர்சி)

மூசைக்காரன் விட்ட இடத்தைத் தொடர்கிறேன்.

உருகிய ஈயத்தில் மெழுகோ மரத்தூளோ போட்டுக் கிளறுவதை "பிளக்ஸ்" செய்வது என்போம். அந்த ஒரே சொல்லால் இங்கே இரண்டு வேலைகளைக் குறிக்கிறோம். குழப்பமே அங்கேதான்.

ஒன்று, ஒடுக்கம். உருகிய உலோகத்தின் மேற்பரப்பு காற்றுப் பட்டு ஆக்சைடாகிறது. கலவையில் வெள்ளீயம் இருந்தால் காரீயத்துக்கு முன்னால் வெள்ளீயம்தான் ஆக்சிஜனிடம் போகும். காட்டுப்பாதை நண்பரே, நீங்கள் ஒவ்வொரு முறையும் வழித்து எறியும் சாம்பல் தோலில் உங்கள் வெள்ளீயம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதை எறிகிறீர்கள். 20க்கு 1 என்று தொடங்கிய கலவை நாலைந்து வார்ப்பில் மெலிந்துபோகும். மெழுகு, மரத்தூள், மரக்குச்சி எல்லாமே கரிமப் பொருள்கள். சூட்டில் சிதைந்து கரியும் ஒடுக்கும் வாயுக்களும் தரும். அவை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி உலோகத்தைத் திரும்பக் கொடுக்கும். ஆக்சைடுத் தோலுக்குள் சிறைப்பட்ட நல்ல உலோகத் துளிகளும் விடுபட்டு ஒன்றுசேரும்.

இரண்டு, மாசு நீக்கம். பழைய சக்கர எடை (கார் சக்கரத்தைச் சமன்படுத்த மாட்டும் ஈயத்துண்டு), சுடுதளத்து மண்ணிலிருந்து பொறுக்கிய குண்டு போன்றவற்றில் மண், அலுமினியம், கால்சியம், கொஞ்சம் துத்தநாகம் என்று வேண்டாதவை வரும். இவற்றின் ஆக்சைடுகளை அந்தச் சூட்டில் மெழுகால் ஒடுக்க முடியாது, ஒடுக்கவும் கூடாது. அவை வெளியேற வேண்டும். மெழுகு சில நொடிகளில் எரிந்து போய்விடும். மரத்தூளோ கரியாகி நிற்கும். நுண்துளை நிறைந்த அந்தக் கரியில் இந்தத் தூசி எல்லாம் சிக்கிக்கொண்டு மேலே வந்துவிடுகிறது. எனவே குப்பை அதிகமுள்ள உலோகத்துக்கு மரத்தூளும், சுத்தமான கலவையைப் பராமரிக்க மெழுகும் என்பது என் கணக்கு.

கரிப்போர்வை மேலே மிதந்தால் காற்றும் உலோகமும் ஒன்றையொன்று தொடாது. புது ஆக்சைடு குறையும். அண்ணன் "அங்கே அது இருப்பது நல்லது" என்று சொன்னதன் காரணம் இது.

#7 தூண்டில்முள் (நாகப்பட்டினம்)

அண்ணன்மாருக்கு வணக்கம். துப்பாக்கி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. வீச்சுவலைக்கு ஈயக்குண்டு வார்க்கிற வேலை எங்க வீட்ல மூணு தலைமுறையா நடக்குது, அதான் உள்ள வந்தேன்.

நாங்க பழைய பேட்டரி ஈயம் வாங்குறதில்ல. அப்பா காலத்துல வாங்கிப் பார்த்து, கண் எரிச்சலும் இருமலும் தாங்காம விட்டுட்டோம். பழைய குழாய், கேபிள் மேல இருக்குற ஈயத்தோல் இதான் வாங்குவோம். இரும்புச் சட்டியில சிரட்டைக்கரி அடுப்பு. மேல ஆடை கட்டும்போது அப்பா ஒரு பிடி மரத்தூள் தூவுவாரு. ஏன்னு கேட்டா "ஆடை தண்ணியாயிடும்"னு மட்டும் சொல்வாரு. வாத்தியார் எழுதினதைப் படிச்சப்பதான் உள்ளே என்ன நடக்குதுன்னு புரியுது.

ஒரு கேள்வி. பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவங்க நவச்சாரம் போடுறாங்களே, அதை இதுல போடலாமா?

#8 மூசைக்காரன் (மிசௌரி)

தம்பி நாகப்பட்டினம், பேட்டரி ஈயத்தை விட்டது உங்கள் அப்பா குடும்பத்துக்குச் செய்த பெரிய நன்மை. இங்கே இருப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: பேட்டரித் தட்டைப் பானைக்குக் கொண்டுவராதீர்கள். அமிலம் ஒரு பக்கம். இன்றைய பேட்டரித் தட்டில் கால்சியமும் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் இருக்கிற இடத்தில் அந்தக் கால்சியக் கிட்டம் (உருக்கும்போது மேலே ஒதுங்கும் கழிவு) ஈரக்காற்றுப் பட்டால் நச்சு வாயுவே கிளம்பும். அந்த வேலை அதற்கென்று கட்டிய ஆலையின் வேலை.

நவச்சாரம் வேண்டாம். பித்தளைப் பாத்திரத்தில் அது செய்வது வேறு வேலை: சூடான பித்தளைமேல் இருக்கும் துருவைத் தின்று வெள்ளீயம் ஒட்ட வழிசெய்கிறது. ஈயம் பூசுகிறவர் பஞ்சில் தொட்டுத் தேய்க்கும்போது குபீரென்று வெள்ளைப் புகை கிளம்புமே, அதே புகைதான் உங்கள் சட்டியிலும் கிளம்பும். மூச்சை அடைக்கும். இரும்புச் சட்டியும் அச்சும் மறுநாளே துருப்பிடிக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்குக் கும்பகோணத்தில் நகைப்பட்டறை. மூசையில் பொன் உருகும்போது ஒரு சிட்டிகை வெண்காரம் போடுவார். கிட்டம் எல்லாம் கண்ணாடிபோல் திரண்டு ஒதுங்கும். அமெரிக்கா வந்து முதன்முதலில் ஈயம் உருக்கியபோது அந்தப் பழக்கத்தில் சலவைக்கு விற்கும் வெண்காரத்தைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை, பொரிந்து வெள்ளையாக மேலே கிடந்தது. பிறகுதான் விளங்கியது. தங்கம் உருகுவது 1,064 டிகிரியில், வெண்காரம் 743இல். அதனால் பொன்னுக்கு முன்னால் வெண்காரம் உருகித் தயாராக நிற்கும். காரீயமோ 327இல் உருகிவிடுகிறது. வெண்காரம் உருகும் சூட்டுக்கு நாம் போவதே இல்லை. அப்பாவின் கை சரியாகத்தான் இருந்தது, உலோகம்தான் வேறு.

#9 பனிமலை (கொலராடோ)

இங்கே கடையில் குண்டு வார்ப்புக்கென்றே போரேட் (வெண்காரத்தின் இனம்) கலந்த பிளக்ஸ் தூள் விற்கிறார்கள். புகையே இல்லை, வேலையும் செய்கிறது. மரத்தூளைக் கரித்துப் புகை மண்டலத்தில் நிற்பதைவிட அது மேல் இல்லையா?

#10 கரிமருந்து (இந்தியானா)

ஒரு டப்பா வாங்கி முடித்தவன் நான். புகை இல்லை என்பது உண்மை. ஆனால் பானைச் சுவரில் கண்ணாடிப் பூச்சாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பூச்சு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி உருக்கினால் சுவரோரம் படபடவென்று வெடிக்கும். அதைத் தொட்ட கரண்டியைச் சூடாக்காமல் பானைக்குள் விட்டாலும் அதே கதை. உருகிய ஈயத்தின் பக்கத்தில் ஈரத்தை இழுக்கும் பொருளை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பிடிவாதமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

#11 பனிமலை (கொலராடோ)

நான் இருப்பது வறண்ட ஊர், அதனால்தான் எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை போலிருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

#12 உலைத்துருத்தி (மிச்சிகன்)

குச்சி பற்றி ஒரு யோசனை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் வெள்ளீய உருக்காலைகளில் உருகிய வெள்ளீயத்துக்குள் பச்சை மரக்கட்டைகளை அமுக்கிச் சுத்தம் செய்வார்கள். செம்பு ஆலைகளிலும் பச்சைக் கழியை உள்ளே விட்டு ஆக்சிஜனை எடுப்பது நெடுங்காலப் பழக்கம். மரத்தின் ஈரம் நீராவியாகிப் பொங்கி, குப்பை எல்லாம் மேலே வந்துவிடும். நாமும் காய்ந்த குச்சிக்குப் பதில் பச்சைக் கிளையை உபயோகித்தால் என்ன?

#13 மூசைக்காரன் (மிசௌரி)

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இதைப் படிக்கும் யாரும் செய்ய வேண்டாம்.

நீங்கள் சொன்ன வரலாறு உண்மை. அங்கே டன் கணக்கில் உலோகம், நீளமான கழி, தள்ளி நிற்கும் ஆள், பொங்குவதையே நோக்கமாக வைத்துக் கட்டிய கொப்பரை. உங்களிடம் இருப்பது மடியுயரத்தில் ஒரு சின்னப் பானை, ஓரடி நீளக் குச்சி, அதன் நேர்மேலே உங்கள் முகம்.

தண்ணீர் ஆவியானால் கன அளவு ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். ஒரு சொட்டு போதும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கொட்டகையில் இருந்த ஓக் உருளைக்கம்பைக் காய்ந்தது என்று நம்பி ஒரே குத்தாக அடிவரை விட்டேன். முதல் நாள் இரவு கூரை ஒழுகியிருக்கிறது, நான் பார்க்கவில்லை. பானையில் இருந்ததில் பாதி கூரையில் ஒட்டியது. பாதுகாப்புக் கண்ணாடியும் தோல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இருந்ததால் கழுத்தில் ஒரே ஒரு தழும்போடு தப்பித்தேன். அந்தக் கண்ணாடி முழுக்க ஈயத்துளி, அதற்குப் பின்னால் இருந்த கண்ணில் மட்டும் ஒன்றும் இல்லை. இன்றும் அதைப் பட்டறை வாசலில் மாட்டி வைத்திருக்கிறேன், உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டுவேன்.

என் முறை இப்போது இதுதான். பானையில் ஈயம் போட்டுச் சூடேற்றும்போதே குச்சியைப் பானையின் வாயில் குறுக்கே வைத்துவிடுவேன். உருகி முடிப்பதற்குள் அது தொட்டால் சுடுமளவு காய்ந்திருக்கும். பிறகு நுனியை மட்டும் மேற்பரப்பில் தொடவிட்டு நிறுத்துவேன். நுரை வரும், சின்னச் சலசலப்பு கேட்கும். அது அடங்கியதும் அரை அங்குலம். மறுபடி நிறுத்தம். அடிவரை போக இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்வேன். கடையில் "உலர் மரம்" என்று விற்பதிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும். மரம் சிதையும்போது வாயுவும் வரும். அதனால் எந்தக் குச்சிக்கும் இந்த மரியாதை உண்டு.

வேலை முடிந்து புகையும் குச்சியைத் தண்ணீரில் முக்காதீர்கள். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு மூடுங்கள், தானே அணையும். தண்ணீரில் முக்கிய குச்சியை அடுத்த வாரம் மறந்துபோய் எடுப்பீர்கள்.

#14 உலைத்துருத்தி (மிச்சிகன்)

அண்ணா, நன்றி. அந்தக் கண்ணாடியைப் பற்றிப் படித்ததே போதும். யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

#15 காட்டுப்பாதை (பென்சில்வேனியா)

இவ்வளவு பதில்களை எதிர்பார்க்கவில்லை. கேள்விகள் மூன்று. எந்த மரம்? மரத்தூளை என் மின்பானையிலேயே போடலாமா? எங்கள் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ரசச்சொம்பு ஒன்று ஓட்டையாகிக் கிடக்கிறது. அது வெள்ளீயம்தானே, உருக்கிக் கலவைக்குச் சேர்த்துக்கொள்ளலாமா?

#16 வேதிவாத்தியார் (நியூ ஜெர்சி)

மரத்தில் எது என்பதைவிட எது கூடாது என்பது முக்கியம். வண்ணம், வார்னிஷ் பூசியது கூடாது. பசை போட்டு ஒட்டிய பிளைவுட் கூடாது. கரையான் வராமல் இருக்க மருந்து ஏற்றிய மரம் கண்டிப்பாகக் கூடாது. 2003 முடிவு வரை வீட்டு உபயோகத்துக்கு விற்ற மருந்தேற்றிய மரங்களில் குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் உண்டு. பழைய வேலியைப் பிரித்த கட்டை லேசாகப் பச்சையாகத் தெரிந்தால் அதை எரிக்கவே கூடாது. சரக்கு ஏற்றும் மரப்பலகையை உடைத்து எடுப்பவர்கள் முத்திரையைப் பாருங்கள்: வெப்பம் மட்டும் கொடுத்தவற்றில் எச்.டி. என்றும் மீதைல் புரோமைடு அடித்தவற்றில் எம்.பி. என்றும் இருக்கும். எம்.பி. வேண்டாம்.

இதெல்லாம் போக, பெயிண்ட் கடைக் குச்சி எளிமையானது, தட்டையானது. பைன் மரம் பிசின் உள்ளது, ஒடுக்கும் வேலை நன்றாக நடக்கும், புகையும் கூடுதல். ஓக், ஹிக்கரி போன்ற கடின மரம் மெதுவாகத் தேயும். மரத்தூளுக்குச் செல்லப்பிராணிக் கூண்டில் பரப்பும் பைன் சீவலை வாங்குங்கள். அதில் பசையும் இல்லை, மருந்தும் இல்லை.

#17 மூசைக்காரன் (மிசௌரி)

இரண்டாவது கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. என் பதில்: போடாதீர்கள். பலர் போடுகிறார்கள், அவர்களோடு சண்டை இல்லை. ஆனால் அடியில் ஊற்றும் பானைக்குள் மரத்தூளைக் கலக்கினால் அதன் சாம்பலையே நீங்கள் அடித்தட்டில் தேய்த்து ஒட்டவைக்கிறீர்கள். தம்பி, கரண்டியால் மெழுகு எரிந்த சாம்பலைக் கீழே அமுக்கிவிட்டு, பிறகு அது ஏன் மூக்கில் வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது.

சுத்தம் செய்யும் பானை வேறு, வார்க்கும் பானை வேறு. வெளியே கேஸ் அடுப்பின்மேல் வார்ப்பிரும்புச் சட்டி. அலுமினியச் சட்டி வேண்டாம், அந்தச் சூட்டில் வலுவிழந்து எடை தாங்காமல் போய்விடும். பழைய ஈயத்தை அதில் உருக்கி, ஒரு கைப்பிடி மரத்தூள் போட்டுக் கரியாகும்வரை விட்டு, எழும் புகையைப் பற்றவைத்து, குச்சியால் அடியும் சுவரும் சுரண்டி, ஈயத்தைக் கரண்டியில் மொண்டு கரி வழியாகத் திரும்ப ஊற்றி, வழித்தெடுங்கள். இதை மூன்று முறை. மூன்றாம் முறை மேற்பரப்பு கண்ணாடிபோல் இருக்க வேண்டும். பிறகு கட்டிகளாக ஊற்றிவிடுங்கள். மின்பானைக்குள் போவது அந்தக் கட்டி மட்டும். அங்கே வெறும் குச்சிச் சுரண்டல், மிஞ்சினால் ஒரு மிளகளவு தேன்மெழுகு.

சக்கர எடை வாங்கினால் உருக்கும்போது வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். பல மாநிலங்களில் ஈய எடை தடைப்பட்டதால் இப்போது கிடைப்பதில் துத்தநாகமும் இரும்பும் நிறைய. துத்தநாகம் உருகுவது 419 டிகிரி செல்சியஸில். 370க்குள் வைத்திருந்தால் அது உருகாமல் மிதக்கும், பொறுக்கி எறியலாம். ஒருமுறை உருகிக் கலந்துவிட்டால் எந்த மரத்தூளும் காப்பாற்றாது என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு அச்சை நிரப்பாது, ஓரம் மழுங்கி வரும்.

குறைந்த சூட்டில் மேலே கஞ்சிபோல் மிதந்தால் அதைக் கிட்டம் என்று எறியாதீர்கள். சக்கர எடையில் அது ஆண்டிமனியும் வெள்ளீயமும். சூட்டைக் கொஞ்சம் ஏற்றிக் கிளறினால் உள்ளே போய்விடும்.

#18 செவிலி_ஆஸ்டின் (டெக்சாஸ்)

மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தம்பி, அம்மாவின் சொம்பை உருக்காதீர்கள்.

காரணம் பாசம் மட்டும் இல்லை. தமிழில் காரீயம், வெள்ளீயம் இரண்டையும் பேச்சில் வெறும் "ஈயம்" என்று சொல்லிவிடுகிறோம். ரசச்சொம்பு வெள்ளீயமாக இருக்க வேண்டும். ஆனால் காரீயம் கலந்து விற்றவர்களும் உண்டு. சொம்பை ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து உலோகத்தைப் பாருங்கள். காரீயம் இருந்தால், அதில் இத்தனை வருஷம் ரசம் குடித்தவர்களின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும். புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைக்கும். கலவைக்கு வெள்ளீயம் வேண்டுமென்றால் பழைய பொருள் கடைகளில் பியூட்டர் கோப்பைகள் கிடைக்கின்றன. இக்காலத்துப் பியூட்டரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம்தான். என் வீட்டுக்காரர் அப்படித்தான் சேர்க்கிறார்.

#19 காட்டுப்பாதை (பென்சில்வேனியா)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மின்பானையை முழுவதும் காலி செய்தேன். ஆறியபின் கையுறையும் முகமூடியும் போட்டு, ஈரத்துணியால் உள்ளே துடைத்து, ஒரு இரவு முழுக்கக் காயவைத்தேன். அடியிலிருந்து வந்தது கிட்டத்தட்ட இரண்டு தேக்கரண்டி கருப்புப் பொடி. நாலு மாசமாக நான் அமுக்கி வைத்தது அவ்வளவும். மூசைக்காரன் அண்ணா சொன்ன இடத்தில், மூக்கைச் சுற்றி வளையம்போல் படிந்திருந்தது.

இருந்த ஈயம் எல்லாவற்றையும் வெளியே வார்ப்பிரும்புச் சட்டியில் பைன் சீவல் போட்டு மூன்று முறை எடுத்தேன். முதல் முறை மேலே வந்த குப்பையைப் பார்த்து என் மனைவி, இதுவா துப்பாக்கிக்குள் போய்க்கொண்டிருந்தது என்று கேட்டாள். மூன்றாம் முறை ஒன்றுமே வரவில்லை, எங்கள் இரண்டு பேர் முகமும் அதில் தெரிந்தது.

மின்பானையில் இப்போது பெயிண்ட் குச்சி மட்டும். வாயில் குறுக்கே வைத்துக் காயவைத்து, மெதுவாக இறக்கி, அடி, சுவர், மூக்கை அடைக்கும் தண்டைச் சுற்றி என்று வரிசையாகச் சுரண்டுகிறேன். மேலே கரியை ஒரு போர்வையாக விட்டுவிட்டேன். நேற்று ஐம்பது வார்த்ததில் புள்ளி உள்ளது ஒன்று. எடை 403.8க்கும் 405.1க்கும் இடையில் நிற்கிறது.

சொம்பைக் கூடத்தில் கொடுத்தேன். வெள்ளீயம்தான், காரீயம் இல்லை. அம்மாவிடம் சொன்னபோது, "நான் பார்த்து வாங்கினது" என்றார். பூசை அலமாரியில் வைத்துவிட்டோம்.

#20 தூண்டில்முள் (நாகப்பட்டினம்)

சந்தோஷம் அண்ணே. நான் இதெல்லாம் அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். நர்ஸ் அக்கா எழுதினதைக் கேட்டதும் சிரட்டை அடுப்பைத் திண்ணையிலிருந்து தோப்புக்கு மாத்திட்டாரு. பேத்தி அந்தத் திண்ணையிலதான் விளையாடுவா.

எங்ககிட்ட பெயிண்ட் குச்சி இல்ல. பூவரசங்கட்டையில தட்டையா செதுக்கி நாலு நாள் வெயில்ல காயப் போட்டிருக்கேன். அது ஆகுமா?

#21 மூசைக்காரன் (மிசௌரி)

ஆகும் தம்பி. பட்டையை முழுவதும் சீவிவிடுங்கள், ஈரம் பட்டைக்கடியில்தான் தங்கும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு நாலு நாள் வெயிலை மட்டும் நம்ப வேண்டாம். உருக்குகிற அன்றும் சட்டியின் வாயில் வைத்துச் சூடு காட்டிவிட்டு, நுனியிலிருந்து மெதுவாக. அப்பாவுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.